பதினோரு கம்பெனிகளின் முதலாளி

தீக்கா நகரக் குடிநீர் வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்ற கிபூச்சி, பதினோரு கம்பெனிகளுக்கு முதலாளி. சிரிக்காதீர்கள், அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். ஒவ்வொன்றிலும் நூறு பங்கு. அதற்கு மேல் ஒன்றுகூட வாங்கமாட்டார். நூறு பங்குக்காரனுக்கும் சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்றுதான், லட்சம் பங்குக்காரனுக்கும் ஒன்றுதான் என்பது அவர் கண்டுபிடித்த பொருளாதாரம்.

மார்ச் முதல் ஜூலை வரை நைரோபியில் பங்குதாரர் கூட்டங்கள் நடக்கும். கிபூச்சி பழுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு மட்டாட்டு வேனில் ஏறிவிடுவார். வாசலில் பேரைச் சரிபார்த்துப் பொட்டலம் கொடுப்பார்கள். கோழித்துண்டு, ரொட்டி, சோடா, கூடவே கம்பெனி பேர் போட்ட குடையோ பனியனோ இருக்கும். வீட்டில் இருபத்தேழு குடைகள் சேர்ந்துவிட்டன. வீட்டு ஆடு சிமென்ட் கம்பெனி பனியனைப் போட்டுக்கொண்டு மேய்ந்தது. வருகிற ஈவுத்தொகையோ வேன் கட்டணத்துக்கே காணாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்.

ஆனால் கோழிக்காகத்தான் போனார் என்று சொன்னால் நமக்குத்தான் பாவம். அவர் போனது கேள்வி கேட்க. கிவுலி மாவு மில்லின் கூட்டத்தில் பத்தொன்பது வருஷமாக ஒரே கேள்வி. மைக் கைக்கு வந்ததும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நிற்பார்.

"சேர்மன் அவர்களே, என் பேரு கிபூச்சி, ஊரு தீக்கா. உங்க ரெண்டு கிலோ மாவுப் பொட்டலம் என் வீட்டுத் தராசுல ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பது கிராம்தான் நிக்குது. மிச்சம் அறுபது கிராம் எங்க போகுது?"

கூடாரம் முழுக்கக் கைதட்டும். சேர்மன் சிரித்துக்கொண்டே, "நம்ம கிபூச்சி ஐயா வருஷா வருஷம் நல்ல கேள்வி கேக்கறார். குறிச்சுக்கிட்டோம்" என்பார். அவ்வளவுதான், அடுத்தது சாப்பாடு. மீட்டர் பார்க்கப் போன வீடுகளில் கிபூச்சியைக் கண்டதும் நாயைத்தான் அவிழ்த்துவிட்டார்கள். பேர் சொல்லி யார் கூப்பிட்டார்கள்? இங்கே இரண்டாயிரம் பேர் முன்னால் சேர்மன் கூப்பிட்டார். அந்த ஒரு நிமிஷத்தை வைத்துக்கொண்டு மனிதர் ஒரு வருஷம் ஓட்டிவிடுவார்.

மனைவி கதோனி சந்தையில் பழைய துணி விற்பவள். அவளுடைய மகளிர் குழு சேமிப்பையெல்லாம் ஒரு மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருந்தது, அதுவும் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது. ஏப்ரல் மழையில் கூரை ஒழுக, இன்சூரன்ஸ் கம்பெனிக் குடைக்குக் கீழே இருவரும் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்ட அன்று அவள் ஆரம்பித்தாள்.

"ஞாவிரா அப்பா, அந்தச் சர்க்கரை மில்லு பங்கு என்ன ஆச்சு?"

"மில்லு மூடியிருக்கு. தெறப்பாங்க."

"ஆறு வருஷமா மூடியிருக்கு. டயர் கம்பெனி?"

"அதையும் தெறப்பாங்க."

"நீங்க எதை வாங்கினாலும் பூட்டு விக்கறவனுக்குத்தான் லாபம். ஃபண்டுல பாருங்க, நாப்பது கம்பெனியை அவங்களே அலசிப் பாத்து வாங்கறாங்க. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு நிக்கும்."

"அங்க யாரை எழுந்து நின்னு கேக்கறது?"

"எதுக்குக் கேக்கணும்? தட்டுல தண்ணி சொட்டுதே, அதை மொதல்ல கேளுங்க."

அடுத்த வாரமே விற்க முடிந்த பங்குகளையெல்லாம் விற்று ஃபண்டில் போட்டார். ஒரே மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். கோட்டை எடுத்து உதறி உதறி மறுபடியும் ஆணியில் மாட்டுவார்.

ஜூனில் கிவுலி மில்லின் கூட்ட அறிவிப்பு பேப்பரில் வந்தது. அதே வாரம் ஃபண்டு தன் அறிக்கையை அனுப்பியது. எந்தெந்தக் கம்பெனியில் பணம் இருக்கிறது என்று ஒரு பட்டியல், அதில் முதல் பேரே கிவுலி மாவு மில். கிபூச்சிக்கு உயிர் திரும்பி வந்தது. நாற்பது கம்பெனி. அப்படியென்றால் நாற்பது கூட்டம். இதை ஏன் யாரும் தன்னிடம் முதலிலேயே சொல்லவில்லை என்று அவருக்குக் கோபம்கூட வந்தது.

கூட்டத்தன்று கூடார வாசலில் பேர்ப் பட்டியலைப் புரட்டிய காவலாளி முலோங்கோ உதட்டைப் பிதுக்கினான். "பெரியவரே, உங்க பேரு இல்லையே."

"ஃபண்டு வழியா இருக்கேன், தம்பி. கணக்குப் போட்டுப் பாத்தேன், எனக்கு மூணேகால் பங்கு வருது. முழுப் பொட்டலம் வேணாம். மைக்கை மட்டும் குடு."

"பங்கு ஃபண்டு பேருல இருக்கு. அப்ப ஃபண்டுதான் வரணும்."

"ஃபண்டு எப்படிப்பா நடந்து வரும்?"

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. மடிக்கணினியும் கையுமாக ஜெப்தூ என்ற இளம்பெண் இறங்கினாள். முலோங்கோ பட்டியலைப் பார்த்துவிட்டுச் சலாம் போட்டான். "நடந்து வராது பெரியவரே. கார்ல வரும்."

கிபூச்சி அவளை மறித்துக்கொண்டார். "அம்மா, என் கோழியை நீதான் சாப்பிடப் போறே. சாப்பிடு, பரவாயில்லை. என் கேள்வியை மட்டும் கேட்டுடு." அறிக்கையைக் காட்டி விஷயத்தைச் சொன்னார்.

அவள் சிரித்தாள். "நெசமாவே எடை போட்டுப் பாத்தீங்களா ஐயா?"

"பத்தொன்பது வருஷமா."

அவள் சிரிப்பு நின்றது. போனில் குறித்துக்கொண்டு உள்ளே போனாள்.

கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கிபூச்சி ஒலிபெருக்கியைக் கேட்டார். "பங்குகளில் நூற்றுக்கு ஒன்பது வைத்திருக்கும் எங்கள் ஃபண்டின் சார்பாக" என்று ஜெப்தூ தொடங்கினாள். கேள்வி முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. காகிதங்கள் சரசரத்தன. சேர்மன் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். இரண்டாவது பொட்டலமிடும் இயந்திரத்தில் கோளாறு இருப்பது உண்மைதான் என்றும், இம்மாத இறுதிக்குள் சரிசெய்து எழுத்துமூலம் தெரிவிப்பதாகவும் சொன்னார். ஒன்றரை நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

"பெரியவரே, அது உங்க கேள்விதானே? ஜெயிச்சிட்டீங்க போங்க" என்றான் முலோங்கோ.

கிபூச்சி கம்பியை விடவில்லை, தன் பேர் வருமென்று காத்திருந்தார். ஒலிபெருக்கி அடுத்த வருஷத்துத் தணிக்கையாளர் நியமனத்துக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சேர்மன் சொன்னதைச் சொன்னதும் கதோனி மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டாள்.

"பத்தொன்பது வருஷமா அசையாத மில்லை ஃபண்டு ஒரே நாள்ல அசைச்சிடுச்சு பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?"

"சொன்னே." கோட்டைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். "கதோனி, கிவுலியில ஒரு நூறு பங்கு மட்டும் திரும்ப வாங்கிக்கட்டுமா?"

"எதுக்கு? அதான் பதில் வந்துடுச்சே."

"பதிலை யாரு கேட்டா? அந்த ஆளு என் பேரைச் சொல்லவே இல்லை."

கதோனி கீழே கிடந்த துணியை எடுத்து ஓரமாக வைத்தாள். பரிகாசம் செய்யத்தான் வாயைத் திறந்தாள், வரவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வாங்கிக்குங்க. ஆனா இனிமே வேற கேள்வியில்ல வேணும்?"

"வேன்ல ஏறினதுலேருந்து அதைத்தான் யோசிக்கறேன்," என்றார் கிபூச்சி. "ஒண்ணும் தோணமாட்டேங்குது."