ரோஸ் நிற ஜக்

எனக்கு அருவருப்பு கொஞ்சம் கூடத்தான். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சிந்தினாலே அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவனின் தலையில்தான் மகளுக்குக் கக்கூசு பழக்கும் வேலை விழுந்தது. மனைவிக்குப் பின்னேர வேலை, வேறு வழியில்லை.

வீட்டில் நன்றாகவே பழகினாள். நோர்வேயில், புருசெத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கழிப்பறையிலும் மற்றத் தமிழ் வீடுகளைப் போலத் தண்ணீர் ஜக் இருக்கும். தானே ஊற்றிக் கழுவுவாள், பாதித் தண்ணீர் என் காற்சட்டையில். பாலர் பள்ளியில்தான் தகராறு. அங்கே வெறும் காகிதம். நினைத்தாலே எனக்கு உடம்பு கூசும். பகல் முழுக்க அடக்கி வைத்திருந்து, வீட்டுக்கு வரும் வழியில் பனி உடுப்புக்குள்ளேயே போய்விடுவாள். மாடிப்படியடியில் வைத்து உரித்தால் முதுகுவரை ஏறியிருக்கும். சீ, அந்த நாற்றம். பிறகு அதுவும் நின்றது. அடக்கி அடக்கி இறுகிப்போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

ஏன் அங்கே போவதில்லை என்று கேட்டேன்.

"அங்கை தண்ணி இல்லை அப்பா. ச்சீ."

அந்த 'ச்சீ' என்னிடமிருந்து போனது.

ரோஸ் நிறத்தில் சின்ன ஜக் ஒன்று வாங்கி அவளுடைய பையில் வைத்தேன். நோர்வேஜிய மொழியில் வரி, வீட்டுக்கடன் எல்லாம் கதைப்பேன். இதை விளக்க மட்டும் வாய் வரவில்லை. இது மகளுடையது என்று ஆசிரியையிடம் சொல்லிவிட்டு நழுவினேன்.

பின்னேரம் கூட்டிவரப் போனபோது பிள்ளைகள் பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேசை நடுவில் அந்த ஜக். ஆசிரியை அதிலிருந்து எல்லாருக்கும் தண்ணீர் வார்த்து, தானும் குடித்துக்கொண்டிருந்தார். என் மகள் மட்டும் வாயை இறுக்க மூடியிருந்தாள்.

"அப்பா, காலமை நான் அதாலைதான் கழுவினனான்."

ஆசிரியையிடம் சொன்னால் ஜக்கைத் திருப்பித் தந்துவிடுவார்கள், பிள்ளை மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும். சொல்லாவிட்டால் நாளைக்கும் குடிப்பார்கள். சொன்னேன். ஆசிரியை வாயிலிருந்ததைத் துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் நின்று, கடைசியில் விழுங்கினார். கைகழுவும் தொட்டியில் கிடந்ததாம், சுடுநீரில் கழுவித்தான் எடுத்தாராம். அப்படியென்றால் இன்றைக்கு அவள் தனியாகவே போயிருக்கிறாளா என்று கேட்டார். பிறகு ஜக்கைக் கொண்டுபோய்க் கழிப்பறைக் கொளுவியில் மாட்டினார்.

வரும் வழியில் மகளின் உடுப்பு சுத்தமாக இருந்தது. அவள் கையுறையைக் கழற்றிக் கையை என் மூக்கடியில் நீட்டினாள்.

"நானே கழுவினனான். மணந்து பாருங்கோ."

மணந்தேன். சவர்க்காரம் மணக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் வீடுவரை நடந்தேன்.