அளக்காத மழை

எங்கள் தாலுகா அலுவலக வளாகத்தில் இருக்கும் மழைமானியைப் பதினொரு ஆண்டுகளாக நான்தான் பார்த்துவருகிறேன். காலை எட்டரை மணிக்கு, சேர்ந்திருக்கும் நீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்து, மில்லிமீட்டரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கு இல்லை.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறன்று நான் அளக்கவில்லை. கண்டனூரில் உறவினர் வீட்டுக் கல்யாணம். முதல் நாளே போனவள் மழையைப் பார்த்துத் தங்கிவிட்டேன். யாரிடமும் சொல்லி வைக்கவும் இல்லை. திங்களன்று மானியில் இருந்த நாற்பத்தொரு மில்லிமீட்டரை ‘இரண்டு நாள் மழை’ என்று குறித்து, ஞாயிற்றுக்கான கட்டத்தைக் காலியாக விட்டேன்.

தலைமை எழுத்தர் பதிவேட்டோடு என் மேசைக்கே வந்துவிட்டார்.

“இருபது, இருபத்தொண்ணுன்னு பிரிச்சுப் போட்டுக் கரெக்ட் பண்ணிருங்க மேடம்.”

“என்னைக்கு எவ்வளவு பெஞ்சுச்சுன்னு எனக்குத் தெரியாதே சார்.”

“அது மழைக்கே தெரியாது. கூட்டுனா கரெக்டா வருதுல்ல?”

வாசலில் நின்ற ஜீப் டிரைவர், “கரெக்ட், கரெக்ட்” என்றார். யார் எது சொன்னாலும் அவர் அப்படித்தான் சொல்வார். பேச்சை முடியுங்கள் என்று அதற்குப் பொருள். எதிரே டீக்கடையில், ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டால் அவளைக் கரெக்ட் பண்ணிவிட்டதாகச் சொல்கிறார்கள். மசியாத அதிகாரியை மசிய வைப்பதும் கரெக்ட் பண்ணுவதுதான். பஸ் நேரத்துக்கு வந்தாலும் கரெக்ட், சட்டை அளவாக இருந்தாலும் கரெக்ட். அவரவர் விருப்பம்போல் வைத்துக்கொள்ளட்டும். பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவதற்கு மட்டும் அந்தச் சொல்லை என் மேசையில் நான் அனுமதிப்பதாக இல்லை.

அப்போது பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. மெமோ வந்தால் என் பெயர் தள்ளிப்போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வாரமே விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

“உடம்பு சரியில்லன்னாச்சும் எழுதுங்க. ஏன் இப்புடி வம்படியா நிக்கிறீக?” என்றார் தலைமை எழுத்தர்.

“நல்லாத்தான் சார் இருந்தேன். பந்தியில ரெண்டு தடவ கந்தரப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.”

‘கல்யாணத்துக்குப் போனதால் அளக்கவில்லை. மாற்று ஏற்பாடு செய்யாதது என் தவறு’ என்று பதில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

பட்டியலில் என் பெயர் இல்லை. எனக்குப் பின் பணியில் சேர்ந்தவர் மேலே போனார். நேரில் போய் வாழ்த்திவிட்டு வந்தேன். அன்று மாலை முழுவதும் யாருடனும் பேசப் பிடிக்கவில்லை.

மறுநாள் தலைமை எழுத்தர் உண்மையான வருத்தத்தோடு, “ஒத்தக் கட்டத்துக்காக இம்புட்டையும் விட்டுட்டீகளே மேடம்” என்றார்.

“இனிமே யாராச்சும் அந்தக் கட்டத்துல நம்பர் எழுதுனா, பக்கத்துலயே அவுக கையெழுத்தையும் போடச் சொல்லுங்க சார்” என்றேன்.