ராகு காலத்தில் அணையாத மெயில் பெட்டி

சேகர் பொய் சொல்கிறார். எங்கள் பழைய கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் எழுதியிருக்கிறார்: "கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு மெயில் சர்வரை மாற்றியபோது ஒரு மெயில்கூடத் தவறவில்லை. பழைய பெட்டியையும் ஓடவிடத் திட்டம் போட்டது நான்தான்." கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் டீ எனக்குப் புரையேறிவிட்டது.

அந்தப் பழைய பெட்டி எப்படி வாழ்ந்தது தெரியுமா? துறைமுக ஊரான கிள்ளானில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ்; கம்ப்யூட்டர் வேலை என்னுடையது. கப்பலில் வரும் சரக்கைத் துறைமுகத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது தொழில். கீழே கிளம்பும் சமையல் புகையெல்லாம் நேராக சர்வர் அறைக்குத்தான் வரும். மூடியைத் திறந்தால் மீன் குழம்பு வாசம். இன்றைக்கும் எங்கேயாவது மீன் குழம்பு கொதித்தால், யாருக்கோ பாஸ்வர்ட் மாற்றித் தர மறந்துவிட்ட மாதிரி எனக்குப் பதறும். பெட்டியின் முகப்பில் சந்தனம், குங்குமம். ஆபீஸ் கிளார்க் சரோஜா அக்காவின் கைவேலை. ஆயுத பூஜையன்று சர்வருக்குப் படைத்த பிறகுதான் எனக்குச் சுண்டல்.

தலைநகரத்துப் பிரிக்ஃபீல்ட்ஸில் புதுப் பெட்டி வைத்ததால் மெயில் சர்வரின் நெட்வொர்க் முகவரியும் மாறியது. அது ஊர் உலகத்துக்கெல்லாம் உடனே தெரிந்துவிடாது. சில கம்பெனிகளின் கணினிகள் கொஞ்ச நேரம் பழைய முகவரிக்கே மெயில் போட்டுக்கொண்டிருக்கும். அதனால் பழைய பெட்டியும் சில நாள் ஓடட்டும் என்றேன். மேனேஜர் சேகர் கேட்கவில்லை.

"புதுசு வந்தாச்சு, பழசு எதுக்குலா? சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஆஃப் பண்ணிடணும்."

தீபாவளிக்கு முந்தைய சனி அது. எங்கள் வாடிக்கையாளர், ஜவுளி வியாபாரி இப்ராஹிம் பாயின் சேலைக் கன்டெய்னர் துறைமுகத்தில் நின்றது. அதை விடுவிக்கும் கடிதம் கப்பல் கம்பெனியிலிருந்து மெயிலில் வர வேண்டும். மத்தியானம் கவுன்டர் மூடிவிடும். தவறினால் அத்தனை சேலையும் தீபாவளி முடிந்துதான் வெளியே வரும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் புதுப் பெட்டி முன்னால் நானும் சேகரும். ஒன்பது மணிக்கு அவர் கிள்ளானுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அக்கா, ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"ராகு காலம் பாஸ். பத்தரைக்கு மேல பண்றேன்."

"ஐயோ, அது கம்ப்யூட்டர்! அதுக்கு ஏது ராகு காலம்?"

"அதுக்கு இல்ல, எனக்கு இருக்கு. அவசரம்னா நீங்களே வந்து பண்ணுங்க. ஹைவே ஜாம்ல வந்து சேர எப்படியும் பத்தரை ஆயிடும்."

பின்னால் பாய் சிரிப்பது கேட்டது. காலையிலேயே அக்காவின் மேசை முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார், பாவம்.

புதுப் பெட்டியில் மற்ற மெயிலெல்லாம் வந்தன. பாயுடையது மட்டும் வரவில்லை. கப்பல் கம்பெனியைக் கேட்டால், அனுப்பியாச்சு என்றார்கள். பத்து மணி வாக்கில் அக்காவே கூப்பிட்டார்.

"தம்பி, பாயோட லெட்டர் இங்க வந்து குந்திக்கிட்டு இருக்கு. பிரின்ட் எடுத்துக் குடுத்துட்டேன்."

படிக்கட்டிலிருந்து பாய் கத்தியது போனில் கேட்டது: "தங்கச்சி, ஒன் ராகு காலத்துக்கு நான் பிரியாணி வாங்கித் தரேன்!"

"சனிக்கிழமை நான் சைவம் பாய்!"

"அப்ப நாளைக்கு ரெண்டு பொட்டலம்!"

நான் சிரித்த சிரிப்பில் நாற்காலி சரிந்தது. சேகரும் சிரித்தார். அதையாவது மறுக்கமாட்டார். அந்த வாரம் கிள்ளான் கடைத்தெருவில் பாயின் சேலைகள் தொங்கியதை நான் போய்ப் பார்த்தேன். ஏதோ நானே நெய்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது.

இப்போது அந்தச் சாப்பாட்டுக் கடை இல்லை. மேல்மாடியில் நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். கம்பெனி மெயிலெல்லாம் எந்த நாட்டில் யாருடைய கட்டடத்தில் இருக்கிறதோ, பொட்டு வைக்க அதற்கு ஒரு நெற்றி கிடையாது. அக்கா ரவாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். அவரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார். சேகர் எழுதியதை அவரும் படித்துவிட்டார்.

சேகர், எனக்குத் தனியாகப் போன் போட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். அதே குழுவில், எல்லாரும் பார்க்க எழுதுங்கள்: அன்றைக்கு அணைக்கச் சொன்னது யார்? மாட்டேன் என்றது யார்?