கிளச்சு இல்லாத வண்டி

போடியிலிருந்து முந்தல் தாண்டி மலையேறும் சாலையில், கொண்டை ஊசி வளைவின் நட்ட நடுவே வண்டி மறுபடியும் படுத்துக்கொண்டது. படுத்துக்கொண்டது என்றால் இஞ்சின் நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஊளையிடுகிறது. தவசி ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் கூடுகிறதே தவிர, சக்கரம் ஒரு சாண் நகரவில்லை. பாடி நிறைய உர மூட்டை. பின்னால் பஸ்சும் ஜீப்புகளும் ஹாரனை அமுக்கிக்கொண்டு நிற்கின்றன.

"யோவ், கியர மாத்துய்யா!" என்று ஜீப்பிலிருந்து ஒருவன் கத்தினான்.

"தானா மாத்துற வண்டிய்யா இது! மாத்த அதுக்குல்ல மனசு வரணும்!" என்று தவசி திருப்பிக் கத்தினார். ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு அறை வைத்தார். கைதான் வலித்தது.

ஏலத்தோட்ட முதலாளி லிங்கேஸ்வரன் கொச்சிப் பக்கம் யாரிடமோ மலிவாகப் பிடித்து வந்த பழைய சின்ன லாரி அது. ஆக்சிலேட்டரும் பிரேக்கும் உண்டு, கிளச்சு மிதி கிடையாது. வேகத்துக்குத் தக்கபடி கியர் தானே மாறிக்கொள்ளும். போடியில் அப்படி ஒரு வண்டியை வேறு யாரும் வைத்திருக்கவில்லை. ஜீப்பு டிரைவர்களுக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு. சிரிக்கட்டும். தவசிக்கு அதை விட்டால் வேறு கதி இல்லை. சில மழைக்காலங்களுக்கு முன்பு, ஆள் ஏற்றிப்போன ஜீப்பு கவிழ்ந்ததில் அவருடைய இடது கணுக்கால் மடங்காமல் கட்டையாகிவிட்டது. நடக்கலாம். கிளச்சு மிதிக்க முடியாது.

"இன்னொரு வாட்டி ரோட்டுல நின்னுச்சு, காயலான் கடையில தள்ளிட்டு ஜீப்பு வாங்கிருவேன், பாத்துக்க" என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஜீப்பு வந்தால் தவசிக்கு ஸ்டியரிங் இல்லை. இப்போது நின்றாகிவிட்டது. பஸ்சில் இருந்த யாராவது இந்நேரம் முதலாளிக்குப் போன் போட்டிருப்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அதைவிடப் பெரிய சோலி என்ன இருக்கிறது!

இறக்கத்தில் உருட்டித் திருப்பி, போடியில் சவுகத் அலியின் பட்டறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். சவுகத் அலி ஜீப்பு வேலையில் கெட்டிக்காரர். கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். இந்த வண்டிதான் அவரையும் அழவைத்தது. கியர்க் கம்பி இணைப்பைப் பார்த்தார், சரியாக இருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளை இறுக்கினார். ஒவ்வொரு கியர் மாறும்போதும் முதுகில் குத்துவிட்டதுபோல் உதைத்தது. தளர்த்தினார். மாறவே மாட்டேன் என்றது. மதுரையிலிருந்து வந்து பார்த்த மெக்கானிக், "கியர் பெட்டியவே மாத்தணும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

"மாப்ளே, என்னால முடியல. நான் தோத்துட்டேன்" என்றார் சவுகத் அலி.

"நீங்க தோத்தா நாளைக்கு வேற வண்டி வரும் பாய். நான் தோத்தா என் பொழப்புல்ல போச்சு!" அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தால் மனிதன் என்னதான் செய்வான்? தவசி பக்கத்தில் கிடந்த டயரை உதைத்தார், அதுவும் நல்ல காலால்.

பட்டறைக்குப் பின்னால்தான் சவுகத் அலியின் வீடு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி கமர்நிசா வாசலுக்கு வந்தார். "என் தம்பி சார்ஜாவுல இந்த மாதிரி வண்டியத்தான் ரிப்பேர் பாத்து மேய்ச்சுக்கிட்டிருக்கான். அவன்ட்ட ஒரு வார்த்த கேட்டா கிரீடம் எறங்கிருமா?"

மச்சினனிடம் போய்த் தொழில் யோசனை கேட்பதா என்று சவுகத் அலி முகத்தைத் திருப்பினார். தவசியின் முகத்தைப் பார்த்தபிறகு போனை எடுத்தார்.

வீடியோவில் வந்த மச்சினன் முகம்மது ஆசிக் முதலில் கேட்டதே, "கியர்பாக்ஸு ஆயிலு எப்படிப் பாக்குறீங்க மச்சான்?" என்றுதான்.

பதிலைத் தவசி பெருமையாகச் சொன்னார். "நாந்தாம்ப்பா பாக்குறேன். தெனமும் காலையில, சாவி போடுறதுக்கு முன்னாடி. ஒரு நாள் தவறுனதில்ல. பல நாளு அளவுக் குச்சியில கோட்டுக்கு மேலதான் நிக்கும். கூடுனா சீல் பிச்சுக்கிரும்ல? டியூப்ப விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துருவேன்."

ஆசிக் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அய்யோ அண்ணே! அது இஞ்சின் ஆயிலுக்குப் பாக்குற பக்குவம். இது கியர்பாக்ஸு. வண்டி நின்னா மேல இருக்குற ஆயிலும் கீழ எறங்கி நிறைஞ்ச மாதிரி காட்டும். ஓடிச் சூடானப்புறம், இஞ்சின் ஓடிக்கிட்டிருக்கையிலதான் பாக்கணும்!"

வண்டியைச் சூடேற்றி, இஞ்சினை அணைக்காமல் அளவுக் குச்சியை உருவினார்கள். நுனியில்கூட ஈரம் இல்லை.

தவசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைக்கு வயிறு உப்பியிருக்கிறது என்று பட்டினி போட்டுக் கொல்லப் பார்த்த கதைதான். போடியில் ஜீப்பு ஓட்டும் எல்லாரும் காலையில், குளிர்ந்த வண்டியில்தான் ஆயில் பார்ப்பார்கள். அவரும் அதைத்தான் செய்தார். ஒழுங்காகச் செய்ததுதான் வினையாகிவிட்டது. இதற்கு யாரைப் போய்த் திட்டுவது? தன்னையே திட்டிக்கொண்டார், கெட்ட வார்த்தையில்.

சவுகத் அலி கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினார். கருகல் வாடை லேசாகத்தான் இருந்தது; பெட்டி பிழைத்துக்கொள்ளும். வடிகட்டியைக் கழுவி மாட்டி, அதற்குரிய சிவப்பு ஆயிலை ஆசிக் சொன்ன பக்குவத்தில் ஊற்றினார்.

மறுநாள் முதலாளியும் கூட உட்கார்ந்து வந்தார். அதே வளைவு, அதே உர லோடு. வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. போடிமெட்டு வரை ஏறியது. தவசிக்குக் கத்த வேண்டும்போல் சந்தோசம். டீக்கடை முன்னால் ஓரங்கட்டி இறங்கினார்.

முதலாளி டீயை வாங்கிக்கொண்டு போனில் பேசினார். "ஆமா, குறை சொல்ல முடியாது. சாந்தன்பாறைக்கே வண்டிய அனுப்பி வைக்கிறேன், பாத்துட்டு எடுத்துக்கங்க."

தவசிக்குச் சூடு தலைக்கு ஏறியது. "மொதலாளி, விக்கப் போறீகளா?"

"நல்லா ஓடுறப்பவே தள்ளிவிட்றணும்யா. நாளப்பின்ன நின்னா எவன் வாங்குவான்?"

"அப்ப நான்?"

"ஸ்டோர்ல காய் பிரிக்கிற எடத்துல உக்காரு. உன் பொண்டாட்டி அன்னக்கொடியும் அங்கதான இருக்கு."

பெண்களோடு உட்கார்ந்து ஏலக்காய் பிரிப்பதைக்கூடத் தவசி பொறுத்துக்கொள்வார். அதைத் தர்மம் கொடுப்பதுபோல் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. "ஓடலேன்னா காயலான் கடை, ஓடுனா வாங்குற பார்ட்டி கையி. நான் எந்த எளவுக்குய்யா இம்புட்டு நாளா மண்டைய ஒடச்சேன்?" என்று கேட்டவர், சாவியை டீ மேசையில் வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். "தோட்டம் வரைக்கும் நீங்களே ஓட்டிக்கங்க."

முதலாளிக்கு ரோசம் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தார். ஆயுசெல்லாம் ஜீப்பு ஓட்டிய கால் சும்மா இருக்குமா? வண்டி நகர்ந்ததும் இடது கால் கிளச்சைத் தேடிப்போய்ப் பிரேக்கை ஓங்கி மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. மறுபடி நகர்த்தினார், மறுபடி மிதித்தார். நெற்றி ஸ்டியரிங்கில் இடித்தது.

"எந்தா சாரே, வண்டிக்கு விக்கலோ?" என்றார் மலையாளத்து டீக்கடைக்காரர்.

முதலாளி இறங்கி வந்தார். "வந்து தொலைய்யா. வெரசா கெளம்பு."

தவசி எழுந்திருக்கவில்லை. "அந்தப் பார்ட்டிக்கும் இந்தக் கதிதான் ஆகும் மொதலாளி. போனப் போட்டு, வண்டிக்கு டிரைவரும் சேந்து வர்றான்னு சொல்லுங்க. அப்பறம் எந்திரிக்கிறேன்."

முதலாளி முறைத்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு போன் போட்டார்.

தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில், நடந்ததை அன்னக்கொடியிடம் தவசி ஜம்பமாகச் சொன்னார். வண்டியை நாளைக்கே சாந்தன்பாறைக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கேயே தங்கல், ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும் என்றார். அவர் பேசி முடிக்கும்வரை அன்னக்கொடி அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை.

"வண்டிய வித்தாச்சு, கூடச் சேத்து உங்களையும் வித்தாச்சு. சரி. என்னைய யாருகிட்ட வித்திருக்கீக?"