நுணலதள் என்று பெயர் வைத்தவர்

பட்டறையில் எல்லாரும் அவரை 'அகராதி' என்றே அழைத்தார்கள். தோலை அறுத்துப் பணப்பையும் கண்ணாடிக்கூடும் தைப்பது அவர் தொழில். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த அகராதி ஒன்றைத் துணையாகக் கொண்டு தாமே படித்தவர். செருப்புக்கடை ரசீதைக்கூடக் கோப்பில் குத்தி வைப்பவர்.

ஒருமுறை முதலாளி, பதனிட்ட தேரைத் தோலில் ஒரு கட்டு வாங்கிவந்தார். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். முதுகெல்லாம் மணிமணியாகப் பருக்கள். சாயமேற்றினால் கூழாங்கல் பரப்பியதுபோல் மின்னும். கைக்கடிகாரப் பட்டைக்கும் சில்லறைப் பைக்கும் அதைவிட அழகான தோல் இல்லை. வாங்கத்தான் ஆளில்லை.

"தேரை மோந்த தேங்காயே உருப்படாதும்பாங்க. அதோட தோல்ல நான் பணம் வைக்கணுமா?" என்று கேட்டுவிட்டு ஓர் அம்மாள் படியிறங்கினாள்.

அகராதி புரட்டினார். நுணல் என்றால் தவளை, தேரை. அதள் என்றால் தோல். இரண்டையும் சேர்த்து 'நுணலதள்' என்று ஒரு சீட்டில் எழுதி, தேதியிட்டு, கோப்பில் வைத்தார். மறுநாள் சாப்பாட்டு வேளையில் அதைப் பக்கத்துப் பலகையில் வேலை செய்யும் தம் சகலையிடம் சொன்னதுதான் வினை. நுணலும் தன் வாயால் கெடும்.

மாலைக்குள் முன்கடையில் சகலையின் குரல் கேட்டது. "இது நுணலதள், மேடம். சாதாரணத் தோல் இல்ல." பை விற்றது. அடுத்த வாரமே சகலைக்கு முன்கடையில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி கிடைத்தது. தடுப்புக்கு இப்பால் பசை நாற்றத்தில் உட்கார்ந்திருந்த அகராதியின் காதில், அந்தச் சொல் விழும்போதெல்லாம் எறும்பு புகுந்ததுபோல் இருந்தது. பெற்றவர் இங்கே இருக்க, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறவன் அங்கே.

"என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு வாய் இருக்கு, பொழைக்கிறாரு. உங்களுக்குக் காகிதம் இருக்கு" என்றாள் மனைவி. அவர் தட்டை நகர்த்திவிட்டு, கோப்பில் அந்தச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்தார்.

பிறகு ஒரு பெரிய வியாபாரி வந்தார். நுணலதளில் இடுப்புப் பட்டை வருமா என்று கேட்டார். "தாராளமா" என்றார் சகலை. உள்ளங்கைத் தோலில் இடுப்புப் பட்டை வேண்டுமானால், பல தோல்களின் ஓரத்தைக் கத்தியால் மெல்லிசாகச் சீவி ஒட்ட வேண்டும்.

"பேர் வெச்சவனே மாதிரிக்கு ஒண்ணு செய்யட்டும்" என்றார், பெயரும் சகலையுடையதே என்று நம்பியிருந்த முதலாளி.

சகலை பழைய பலகைக்குத் திரும்பினார். வழுவழுப்பான சீவுகல்லில் தோலைக் கவிழ்த்துப் போட்டார். மாட்டுத்தோலுக்கு அது சரி. தேரைத் தோலுக்கு அடியில் கம்பளித்துண்டு விரிக்க வேண்டும். பருக்கள் அதில் அமுங்கும். வெறுங்கல்லில் வைத்தால் ஒவ்வொரு பருவும் மேலே எழும்பிக் கத்திக்குத் தலை கொடுக்கும். அந்தக் கம்பளித்துண்டு அகராதியின் பலகையில் கிடந்தது. அவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை.

முதலாளி தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரமெல்லாம் ஓட்டை.

"என்னப்பா, சல்லடையா?"

சகலை கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்கென்ன தெரியும், முதலாளி? பேர் வெச்சது அண்ணன்தான். இந்தத் தோலோட குணமெல்லாம் அவருக்குத்தான் அத்துபடி. நான் வாயால வித்தவன்."

இத்தனை நாள் ஏங்கிய வார்த்தை, ஓட்டைத் தோலோடு வந்து சேர்ந்தது. 'எனக்குத் தெரியாது' என்றால் பழி சகலையோடு போய்விடும், சொல்லும் போய்விடும். அகராதி எழுந்து நின்றார்.

"ஆமா. அது என்னோட சொல்லு. அத்தாட்சி இருக்கு."

"பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு ஏன் சும்மா இருந்தே?"

அதற்குக் கோப்பில் காகிதம் இல்லை.

சகலையின் பார்வை அகராதியின் கையிலிருந்து அதன் அடியில் கிடந்த கம்பளிக்கு நகர்ந்தது.

"கையை எடுங்கண்ணே" என்றார் மெதுவாக. துண்டை உருவி, கல்லின்மேல் விரித்து, தம் முக்காலியை அவர் பக்கம் தள்ளினார். "இந்தாங்க. உங்க நுணலதள். நீங்களே சீவுங்க."