ஜெராக்ஸ் கடைத் தாத்தா

நாற்பத்தேழு வயதில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. சேர்ந்தால் எழுத்தாளனாகிவிடலாம் என்று நம்பினேன். நீங்கள் சிரிக்கலாம், என் மனைவி அன்றே சிரித்து முடித்துவிட்டாள்.

வெளியே சொன்ன காரணம் வேறு. ஸ்ரீரங்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் வெறும் பி.ஏ.வை வைத்துக்கொண்டு பிளஸ் டூவுக்கு ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷத்தில், ஜூனுக்குள், எம்.ஏ. முடிக்காவிட்டால் ஆறாம் வகுப்புக்கு இறக்கிவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. அதனால் திருச்சியில் ஒரு கல்லூரியில் சனி, ஞாயிறு வகுப்பு. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போதே நான் என் முதல் நூலுக்கு முன்னுரை யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். கண்டக்டர் இரண்டு தடவை அதட்டினால்தான் டிக்கெட் ஞாபகம் வரும்.

படைப்பெழுத்து என்று ஒரு பேப்பர். வாழ்க்கையை மாற்றிய சொந்த அனுபவம் ஒன்றை எழுதச் சொல்லி வருஷா வருஷம் கேள்வி வரும். அதற்கும் நோட்ஸ் இருந்தது! சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் சொந்த அனுபவம் ஸ்பைரல் பைண்டிங்கில் கிடைத்தது. தாத்தா மாமரம் நடுகிறார். செத்துப்போகிறார். மரம் காய்க்கிறது. பேரன் உழைப்பின் அருமையை உணர்கிறான். என்னைத் தவிர வகுப்பில் எல்லோருக்கும் அதே தாத்தா.

"தாத்தாவ மனப்பாடம் பண்ணிட்டீங்களா சார்?" என்று கேட்டார் பக்கத்து பெஞ்சுக்காரர். திருவெறும்பூரில் டீச்சர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"எங்க வீட்டுல ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாதும்மா. மாமரத்துக்கு நான் எங்க போறது?"

"எங்க தாத்தா உயிரோட இருக்கார் சார். நேத்திக்கூட காந்தி மார்க்கெட் போய் வாழைத்தார் வாங்கிட்டு வந்தார். பரீட்சைக்கு மட்டும் கொன்னுக்கறேன். நீங்க ஃபெயிலானா ஆறாங்கிளாஸ், பாத்துக்குங்க."

எனக்குத் திமிர். தேர்வறையில் அந்தத் திமிர் தண்ணீர் பாட்டிலை ஆறு தடவை திறந்தது. ஒரு தடவைகூடக் குடிக்கவில்லை. கடைசியில் என் அம்மாவைப் பற்றி எழுதினேன். இறந்துபோவதற்கு முன் சில மாதங்கள் அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. மாத்திரை கொடுக்கப் போனால், "யாராத்துப் பிள்ளைடா நீ? சாப்ட்டியோ?" என்பாள். யாரோ என்று நினைத்ததால்தான் அவ்வளவு பிரியம். மகன் என்று தெரிந்த காலத்தில் ஒருநாளும் அந்தக் குரலில் கேட்டதில்லை. இதை எழுதினேன். இதனால் நான் கற்றது என்ன என்று எழுதவில்லை. எனக்கே தெரியாது.

முப்பத்தெட்டு மார்க். பாஸுக்கு ஐம்பது வேண்டும். இணையதளத்தில்தான் ஏதோ கோளாறு என்று போனை அணைத்து அணைத்துப் போட்டேன். போன் சரியாகத்தான் இருந்தது.

விடைத்தாளின் நகலை எழுதிப் போட்டு வாங்கினேன். அம்மா இருந்த பக்கத்தின் ஓரத்தில், சிவப்பு மையில், இரண்டே குறிப்பு: முன்னுரை இல்லை. நீதி இல்லை.

மனைவியிடம் நீட்டினேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். நின்றபடியே முழுவதும் படித்தாள்.

"ஏன்னா, இதை நீங்க என்கிட்டகூடச் சொன்னதில்லையே."

தாளை மடித்துக் கொடுத்தாள். "சரி, அரியர் எப்போ? ஜூனுக்கு முன்னாடி வந்துடுமோல்லியோ?"

ஏப்ரலில் வந்தது. மாமரத்தை நட்டேன், தாத்தாவைக் கொன்றேன், உழைப்பின் அருமையை உணர்ந்தேன், ஒரு கமாகூடப் பிசகவில்லை. எழுபத்தொரு மார்க். பிளஸ் டூ வகுப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் சொந்தமாக ஒரு வரியும் அதற்குப் பிறகு நான் எழுதவில்லை.