எல்லாரும் வந்தாச்சு

டில்லிபாபு கொருக்குப்பேட்டையில், கூட்ஸ் யார்டை ஒட்டிய தெருவில் பிறந்து வளர்ந்தவன். ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தான், காது போய்விட்டது. அதற்குள் நன்றாகப் பேசப் பழகியிருந்ததால் பேச்சு மட்டும் தங்கியது. ஆனால் தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது, எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று அவனுக்கே தெரியாது.

அடுத்தவர் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். எங்கள் பக்கத்து வாயென்றால் அவனுக்கு அல்வா. "இன்னா"வும் "கீது"ம் தெருமுனையில் வரும்போதே தெரிந்துவிடும். வாயைத் திறக்காமல் இங்கிலீஷ் பேசுகிறவர்களிடம்தான் பாடுபடுவான்.

அப்படிப்பட்டவர்கள் நிறைந்த இடத்தில்தான் அவனுக்கு வேலை. மணலி போகும் சாலையில், ரசாயன ஆலைகளுக்குக் குழாய் வடிவமைத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனி. டில்லிபாபு மெக்கானிக்கல் இன்ஜினியர், இரண்டாவது மாடியில் டிசைன் பிரிவு. மீட்டிங்கில் மேனேஜர் போர்டில் எழுதிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டே பேசுவார். டில்லிபாபு கையைத் தூக்கினால், "அப்புறம் மெயில் போடறேன்" என்பார். மெயில் வராது. திடீரென்று எல்லாரும் சிரிப்பார்கள். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல டில்லி, சும்மா." அந்த "ஒண்ணுமில்ல"யை நினைத்தாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பக்கத்து சீட்டு கரோலின் மட்டும் அப்படியில்லை. ராயபுரத்துப் பெண், அவளும் இன்ஜினியர்தான். முகத்துக்கு நேராகத் திரும்பித்தான் பேசுவாள். டில்லிபாபுவின் மனைவி மலருக்கும் காது கேட்காது. மலரிடம் கரோலின் கொஞ்சம் சைகை கற்றுக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் பாதுகாப்பு வாரத்தில் ஒரு நாள் கரோலின் வெளி வேலையாக எண்ணூர் போயிருந்தாள். டில்லிபாபு மாடிக் கோடியில் இருந்த ஸ்டோர் ரூமில் ஒரு பழைய வரைபடத்தைத் தேடிக்கொண்டிருந்தான். எடுத்துக்கொண்டு திரும்பினால் ஹாலில் ஒரு ஆள் இல்லை. மேஜைகளில் டீ ஆவி பறக்கிறது. ஃபேன் சுற்றுகிறது. நாற்காலிகள் தாறுமாறாகக் கிடக்கின்றன.

மணலிப் பக்கம் இருக்கிறவனுக்கு அதைப் பார்த்ததும் வேறென்ன தோன்றும்? கேஸ் லீக். கர்ச்சீப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு படியில் விழுந்தடித்து இறங்கினான். கீழே, கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் மொத்தக் கம்பெனியும் நின்று சமோசா தின்றுகொண்டிருந்தது. சேஃப்டி ஆபீசர் தாமோதரன் கையில் மெகாபோன். எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தீ விபத்து ஒத்திகையாம். கணக்கெடுத்ததில் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்துவிட்டார்களாம்.

"எங்கப்பா போன? சரி, சமோசா எட்த்துக்கோ" என்றார் தாமோதரன்.

"என்ன வுட்டுட்டா எண்ணீங்க?"

"உன் பேரக் கூப்ட்டேன்பா. 'கீறான் சார்'னு எவனோ கொரல் குட்த்தான்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.   டில்லிபாபு சமோசாவைத் தொடாமல் மாடி ஏறிவிட்டான்.

மறுநாள் மேனேஜரிடம் போய், சைரனோடு சேர்ந்து எரிந்து அணைகிற சிவப்பு விளக்கு வைக்கச் சொல்லிக் கேட்டான்.

"ஒருத்தருக்காக பில்டிங் வயரிங்கையே மாத்த முடியுமா? பக்கத்துல இருக்கவங்க தட்டிக் கூப்பிடுவாங்க."

"பக்கத்துல யாரும் இல்லன்னா?"

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க டில்லி."

ஆறு வயதிலிருந்து அவன் அட்ஜஸ்ட்தான் செய்துகொண்டிருக்கிறான். எத்தனை உதடுகளைப் படித்திருப்பான், புரியாததற்கெல்லாம் எத்தனை தடவை தலையாட்டியிருப்பான். இவர்கள் ஒரு விளக்கு மாட்ட மாட்டார்களாம். அதே மேனேஜர்தான் டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று, "நாம் அனைவரும் ஒரே குடும்பம்" என்று பேனர் கட்டி, வாசலில் நிற்கவைத்து அவனுக்குப் பூச்செண்டு கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டார். பேனரின் முன்னால் டில்லிபாபு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். போட்டோவில் அது சிரிப்பு மாதிரி விழுந்திருந்தது.

அந்தப் போட்டோவை வீட்டில் மலர் பார்த்தாள். ஒத்திகை நாளன்று நடந்ததை அவன் அதுவரை சொல்லவில்லை, அப்போதுதான் சொன்னான். மலரின் கைகள் படபடவென்று பேசின: "நீ உள்ள மாட்டிகினா எனக்கு யாரு போன் பண்ணுவாங்க? பண்ணாலும் எனக்குக் கேக்குமா?"



கோடைக்கு முன்னால் ஒரு பெரிய வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து பாதுகாப்பு ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் எதிரில் மறுபடி ஒத்திகை. எப்போது சைரன் ஊதும் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. டில்லிபாபுவுக்கும் தெரியும். அந்த நேரம் வந்ததும் ஹால் மொத்தமும் எழுந்தது. அவன் எழவில்லை. ஒருத்தராவது தோளைத் தட்டுவார்களா என்று பார்த்தான். எல்லாரும் அவனைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். வந்தவர்கள் முன்னால் சீக்கிரம் இறங்க வேண்டுமென்ற அவசரம்.

படிவரை போன கரோலின் திரும்பிப் பார்த்தாள். ஓடி வந்தாள்.

"இன்னா குந்திகினு கீற? வா!"

"எனக்கு சைரன் கேக்கல."

 அவள் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்ப எனக்கும் கேக்கல."

"உன் வேலைக்கு ஒல வெச்சிடுவாங்க. நீ போ."

"மூடிகினு குந்து."

கீழே மெகாபோன் சத்தம் கேட்டதும் அவள் ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தாள். "எல்லாரும் வந்தாச்சுன்னு சொல்றாருபா அந்தாளு" என்று உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள்.

டில்லிபாபு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான். குரலைப் பற்றி அவன் எப்போதும் கூச்சப்படுகிறவன். அன்றைக்குக் கூச்சம் எங்கே போனதோ, அடிவயிற்றிலிருந்து கத்தினான்: "சார்! நாங்க ரெண்டு பேரு மேல கீறோம்!"

வேப்பமரத்தடியில் இருந்த அத்தனை தலையும் அண்ணாந்து பார்த்தது. ஆய்வுக்கு வந்த அம்மாள் தாமோதரனிடம் ஏதோ கேட்டார். அவர் மெகாபோனை இடுப்புக்குக் கீழே இறக்கிவிட்டார்.

சாயங்காலம் மேனேஜர் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். கரோலினைப் பார்த்தே பேசினார். கம்பெனி மானம் போய்விட்டது, இவனுக்கு நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா என்று.

டில்லிபாபு மேஜையைத் தட்டினான். "என் மூஞ்சப் பாத்துப் பேசுங்க சார். உங்க மானம் போச்சு. என் உசுரே போயிருக்கும்."



ஆய்வுக்கு வந்தவர்கள் கண்டித்துச் சொல்லிவிட்டுப் போனதால் ஒரே மாதத்தில் இரண்டாவது மாடி ஹாலில் சிவப்பு விளக்குகள் வந்தன. மாற்றவே முடியாத வயரிங்கை இரண்டு எலெக்ட்ரீஷியன்கள் ஒரே நாளில் மாற்றிவிட்டுப் போனார்கள். கரோலினுக்கு மட்டும் மெமோ வந்தது, அவசரகால விதியை மீறினாளாம். டில்லிபாபுவுக்குக் கொடுக்கவில்லை. அவனுக்குக் கொடுத்தால் வெளியே பேச்சாகிவிடும் என்று தெரிந்து அவள் தலையில் கட்டினார்கள். அந்த வருஷம் அவளுக்கு வரவேண்டிய பிரமோஷனும் நின்றது.

விளக்குத் திறப்புக்கு ரிப்பன் வெட்ட டில்லிபாபுவைக் கூப்பிட்டார்கள். போட்டோகிராபரும் வந்திருந்தார். டில்லிபாபு கத்திரிக்கோலைத் தட்டிலேயே விட்டுவிட்டான். "பாத்ரூம்ல வெளக்கு இல்ல. கேன்டீன்ல இல்ல. ஸ்டோர்ல இல்ல, அங்கதான் நான் அன்னிக்கு மாட்னேன். கரோலின் மெமோவும் அப்டியே கீது. இதுல இன்னாத்துக்கு சார் ரிப்பன்?"

மேனேஜரே வெட்டிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து தாமோதரன் அவன் சீட்டுக்கு வந்து, எதிரில் உட்கார்ந்து, மெதுவாகப் பேசினார். "அன்னிக்கு நான் தலைய எண்ணவே இல்லப்பா. கொரல் வந்திச்சு, வுட்டுட்டேன். தப்புதான்."

டில்லிபாபு தலையாட்டினான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. "ஸ்டோருக்கு எப்ப வெளக்கு வரும் சார்?" என்றுதான் கேட்டான்.

ஸ்டோருக்கு வந்தது. பாத்ரூமுக்கும் வந்தது. கேன்டீன் பாக்கி. மெமோவை இன்னும் திரும்பப் பெறவில்லை. மாதம் பிறந்தால் டில்லிபாபுவும் கரோலினும் ஒன்றாக மேனேஜர் அறைக்குப் போய் அதையே கேட்கிறார்கள். போன தடவை டிசைன் பிரிவிலிருந்து இன்னும் இரண்டு பேர் கூடப் போனார்கள். வேறு கம்பெனி பார் என்று கரோலின் வீட்டில் சொல்கிறார்கள். மெமோவைக் கிழித்துப் போட்ட பிறகு பார்க்கலாம் என்கிறாள் அவள்.